சம்பளம் ஊரறிந்ததும் மறைந்ததும்: தமிழகத்தில் ஊதியப் பேச்சின் வரலாறு

அடுத்தவர் சம்பளத்தைக் கேட்பது நாகரிகமல்ல என்று படித்த நடுத்தர வர்க்கம் இன்று சொல்கிறது. அதே வர்க்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், காபி ஆறுவதற்குள், பையனுக்குப் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிடும். ஆகவே இதை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. எந்த இடத்தில், யார், யாரிடம் கேட்கலாம் என்பதற்கு எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. அந்த விதி பழைய மரபு என்று பலர் நினைக்கிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஊதியத்தைப் பொது அளவை ஒன்று நிர்ணயித்த காலங்களில் அது ஊரறிந்த செய்தியாக இருந்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேரம் பேசப்பட்டபோதுதான் அது மறைபொருளாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம். வீட்டுக்குள் நடந்த கதை வேறு. அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

கல்லும் களமும்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கென்று பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், இப்போது எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஊதியமும் உண்டு: ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருவாய். ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்தால் ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு. கொட்டுவோர், பாடுவோர், கணக்கர், தையற்காரர், தச்சர் என்று பட்டியல் தொடர்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய அடுத்த உறவினர் அந்தப் பணியையும் பங்கையும் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்ற விதியும் வெட்டப்பட்டிருக்கிறது. முகவரியும் சம்பளமும் வாரிசு நியமன விதியும் ஒரே சுவரில், போவோர் வருவோர் பார்வையில் இருந்தன.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஒன்றின் செலவுக் கணக்கைத் தருகிறது. அங்கு மருத்துவம் பார்த்த கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன் பெற்றது ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நாள் கணக்கில் பார்த்தால் மூன்று குறுணி நெல். அறுவை செய்பவருக்கு ஒரு குறுணி. மருந்து கொண்டுவருவோருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் தனித்தனி அளவு. ஒரு மருத்துவரின் ஊதியம் பெயருடன் நமக்குத் தெரிவதற்குக் காரணம், கொடை கொடுத்தவருக்கு அது சரியாகப் போய்ச் சேருகிறதா என்ற கவலை இருந்ததுதான். ஊதியத்தைக் கல்லில் வெட்டியது பணியாளரைப் பாராட்டுவதற்கல்ல. நிர்வாகம் கைவைக்கக் கூடாது என்பதற்காக.

இதைச் சோழர் காலப் பொற்காலக் கதையாக்கிவிடக் கூடாது. அந்த 100 கலம் நெல்லை விளைவித்த வயலில் உழுதவர் பெற்றது என்ன என்பதை அந்தச் சுவர் சொல்லவில்லை. வெட்டி என்ற கூலியற்ற உழைப்பு மட்டும் வரி இனங்களின் வரிசையில் வந்துபோகிறது. கல் பேசியது கோயிலைச் சார்ந்தவருக்காக.

வயலில் உழைத்தவரின் பங்கு களத்துமேட்டில் தீர்மானமாயிற்று. செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பும், அதற்கு அடிப்படையாக இருந்த தமிழ் ஓலைக் கணக்குகளும் சுமார் 2,000 ஊர்களின் விளைச்சலும் அது பிரிந்த விதமும் பற்றியவை. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் கவனப்படுத்திய இந்தக் கணக்குகளில் ஊர்க்கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான் ஆகியோருக்கும் ஊர்க் கோயிலுக்கும் விளைச்சலில் எவ்வளவு சுதந்திரம், அதாவது உரிமைப் பங்கு, என்பது ஊர்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. நெற்குவியலிலிருந்து மரக்கால் மரக்காலாக எல்லார் கண்முன்னும் அளந்துதான் கொடுப்பார்கள். ஒளிக்க வழியே இல்லை. இந்த வெளிப்படைத்தன்மை சமத்துவமல்ல. யார் கடைசியில் அள்ளுவது, யார் தள்ளி நின்று பெறுவது என்பதும் அதே களத்தில் அதே வெளிச்சத்தில்தான் நடந்தது.

இந்த அளவைக்கான சண்டை 20ஆம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊரார் அரைப்படி நெல் என்று சுருக்கிச் சொல்லும் கூலி உயர்வுக் கோரிக்கையின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியைப் பற்றிக் கூட்டாகவும் உரக்கவும் பேசியதற்கு இந்த மண்ணில் கொடுக்கப்பட்ட விலை அது. சம்பளம் பேசுவது பண்பல்ல என்று சொல்கிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாதச் சம்பளமும் அரசியலும்

கம்பெனியும் பின்னர் பிரிட்டிஷ் அரசும் கொண்டுவந்த மாதச் சம்பளம் தொடக்கத்தில் இரகசியமாக இல்லை. அதிகாரிகளின் பதவியையும் ஊதியத்தையும் அரசே அச்சிட்டு வெளியிட்டது. விலை பதவிக்குத்தான், ஆளுக்கல்ல. அதனால் சொல்வதில் மானக்கேடும் இல்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்த சீனிவாச ராமானுஜன், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். முன்பின் பார்த்திராத கணித அறிஞர். கணிதத்துக்குப் போகும் முன், தொடக்கத்திலேயே, தான் ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டும் பெறும் குமாஸ்தா என்று ராமானுஜன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இன்று வேலை கேட்டு எழுதுபவர்கூட இதைக் கடிதத்தின் முதல் பத்தியில் வைக்க மாட்டார்.

வெளியிடப்பட்ட சம்பளம் ஆட்சியாளருக்கு எதிராகவே திரும்பியது. 1930 மார்ச் 2 அன்று வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி அவருடைய மாதச் சம்பளமான 21,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்: நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல், இந்தியரின் சராசரி நாள் வருமானமோ இரண்டு அணாவுக்கும் குறைவு. உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முந்தைய அந்தக் கடிதத்தில் இந்தக் கணக்கு ஓரமாக வரும் செய்தியல்ல, வாதத்தின் முதுகெலும்பு. அடுத்த ஆண்டு கராச்சி காங்கிரஸ், அரசுப் பணியாளரின் சம்பளம் பொதுவாக மாதம் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று தீர்மானித்தது. 1937இல் காங்கிரஸ் மாகாணங்களில் பதவியேற்றபோது, ராஜாஜியின் சென்னை அமைச்சரவை உட்பட, அமைச்சர்கள் 500 ரூபாய்ச் சம்பளம் பெற்றார்கள். பின்னாளில் ஜெயலலிதா 1991இல் முதல்வரானபோது மாதம் 1 ரூபாய் போதும் என்று அறிவித்ததும் இதே மேடையில் வைத்துப் பார்க்க வேண்டியது. சம்பளத்தை அறிவிப்பது சொத்தை அறிவிப்பதாகாது என்பதை அவர்மீதான பிற்காலச் சொத்துக்குவிப்பு வழக்கு காட்டியது. சம்பளத்தைக் கேட்கும் ஊர் கிம்பளத்தையும் சேர்த்துக் கேட்பது சும்மா இல்லை.

ஆலைகளில் வழி வேறு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பி. பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னால் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வைத்த குறைகளில் கூலியும் வேலை நேரமும் இருந்தன. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், எந்தக் குற்றத்துக்கு அபராதம் பிடிக்கலாம் என்பதை ஆலையில் ஒட்டிவைக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலி விகிதத்தையே அறிவிப்பாக வைக்கச் சொன்னது. சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்தபின் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, போனஸ் எல்லாம் தேநீர்க்கடைப் பேச்சாயின. அரசு ஊழியர், ஆசிரியர் வட்டாரத்தில் இன்றும் அப்படித்தான். எந்த ஊதியக் குழு, எந்த நிலை என்று தெரிந்தால் போதும், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்தை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள்.

வீட்டுக்குள்

வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. கூட்டுக்குடும்பத்தில் சம்பளம் குடும்பத் தலைவர் கைக்குப் போகும். எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. குடும்பச் செலவில் படித்த வக்கீலோ அதிகாரியோ சம்பாதிப்பது கூட்டுக்குடும்பச் சொத்தா, அவருடைய சொந்தச் சொத்தா என்ற வழக்குகள் 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றங்களை நிறைத்தன. இதைத் தீர்க்க வழக்கறிஞர் வி. பாஷ்யம் அய்யங்கார் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த மசோதா கடும் எதிர்ப்பைச் சந்தித்தது, சட்டமாகவில்லை. 1930இல் இந்துக் கல்விவழி ஈட்டச் சட்டம் வந்த பிறகே, படித்துச் சம்பாதித்தது சம்பாதித்தவருக்கே என்பது உறுதியாயிற்று.

இந்தச் சட்டத்தைச் சம்பள இரகசியத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பவர் குறைவு. சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: சம்பளத்தைப் பிறரிடம் சொல்லாமல் இருக்கும் உரிமை, அண்ணன் தம்பி பங்காளிகளின் பிடியிலிருந்து படித்த ஆண் பெற்ற விடுதலையின் ஒரு பகுதி. அதை முற்றிலும் தீயது என்று சொல்ல முடியாது. ஆனால் பங்காளிகளிடமிருந்து மறைக்கப் பெற்ற உரிமை மனைவியிடமிருந்து மறைக்கவும் பயன்பட்டது. கவரைப் பிரித்து ஒரு பகுதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. அவளும் அரிசிப் பானையில், அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடு சேர்த்தாள், இரகசியத்துக்கு இரகசியம். சம்பாதிக்கும் மகள் வந்தபோது நிலைமை இன்னும் கூர்மையானது. அவள் சம்பளம் எவ்வளவு என்பது வீடு முழுக்கத் தெரியும், செலவு செய்யும் அதிகாரம் மட்டும் அவளிடம் இருக்காது. கே. பாலச்சந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) அந்த வீட்டைத்தான் காட்டியது.

மாற்றம் மெல்ல வந்தது, பெரும்பாலும் வெளியிலிருந்து. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் சேமிப்பும் கடனும் குழுக் கூட்டத்தில் பேரேட்டில் எழுதி வாசிக்கப்பட்டன. யார் எவ்வளவு வாங்கினார், எதற்கு வாங்கினார், எத்தனை தவணை நிலுவை என்பதைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயை நேரே பெண்ணின் கணக்கில் போட்டது. அதற்கு விண்ணப்பிக்கக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்று எழுத வேண்டியிருந்தது. நீதிமன்றமும் வந்தது. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னீஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. சேர்ந்து வாழும்வரை கேட்க முடியாத கணக்கைப் பிரியும்போது சட்டம் கேட்டு வாங்கித் தருகிறது.

மொய் இதில் விதிவிலக்குப் போலத் தோன்றும். உசிலம்பட்டியிலோ பேராவூரணியிலோ சம்பளத்தை வாய் திறந்து சொல்லாதவர் எழுதிய 5,001 ரூபாயை ஒலிபெருக்கி ஊர் முழுக்க அறிவிக்கும்; நோட்டில் ஊர், பெயர், தொகை ஏறும். உண்மையில் இது விதியை உறுதிசெய்கிறது. மொய் திரும்பி வர வேண்டிய பணம். அதற்குச் சாட்சி வேண்டும். ஆகவே சத்தம் வேண்டும்.

சி.டி.சி. காலம்

1991க்குப் பிறகு, குறிப்பாகச் சென்னையில் 2000இல் டைடல் பார்க் திறந்ததை ஒட்டிய ஆண்டுகளில், ஒரே வேலையை அருகருகே செய்யும் இருவருக்கு வெவ்வேறு சம்பளம் என்பது இயல்பாயிற்று. பணி நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, சிறப்புப்படி, ஆண்டிறுதியில் வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம் என்ற ஒரு தொகை, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு எல்லாம் கூட்டி சி.டி.சி. என்று ஒரு பெரிய எண் இருக்கும். கைக்கு வருவது அதைவிடச் சிறியது. அதன் கீழேயே, சம்பள விவரத்தைச் சக ஊழியரிடம் சொல்லக் கூடாது என்ற ஒரு வரியும் பல கடிதங்களில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், வேலைக்குச் சேரும்போது பழைய நிறுவனத்தின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பதும் இதே நிறுவனம்தான். இரகசியம் ஊழியருக்கு மட்டும்.

சட்டம் இந்த இடத்தில் அரைகுறையாக நிற்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் தன் இயக்குநரின் ஊதியம் ஊழியர் ஊதியங்களின் இடைநிலை அளவைப் போல் எத்தனை மடங்கு என்று வெளியிடச் சொல்கிறது. உச்சியில் இருப்பவர் சம்பளம் பத்திரிகைச் செய்தி. பக்கத்து இருக்கையில் இருப்பவர் சம்பளம் இரகசியம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பதை 1976ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது, அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. சக ஊழியர் என்ன வாங்குகிறார் என்பதே தெரியாத பெண், தனக்குக் குறைவு என்று எதை வைத்து முறையிடுவாள்?

அரசுப் பக்கத்தில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, ஒவ்வொரு அலுவலரும் பணியாளரும் பெறும் மாத ஊதியத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. 2012இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வருமான வரிக் கணக்கு போன்றவற்றைத் தனிப்பட்ட தகவல் என்று விலக்கியது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலுக்கான அந்த விலக்கை மேலும் அகலமாக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 4(1)(ஆ) பிரிவில் ஊதியம் பற்றிய வாசகத்தை அந்தத் திருத்தம் தொடவில்லை. எனவே கிராம நிர்வாக அலுவலரின் சம்பளத்தை அறியும் உரிமை ஊருக்கு இன்றும் சட்டப்படி உண்டு. தனியார் நிறுவனத்தில் ஒரே மேசையில் ஒரே வேலை பார்க்கும் இருவருக்கு, ஒருவர் சம்பளத்தை மற்றவர் அறிந்துகொள்ள அப்படியொரு உரிமையை இந்தியச் சட்டம் எதுவும் தரவில்லை.