கொடிக்கு உரிய உயரம்

தைப்பூச உற்சவத்துக்குக் காவடி சுமந்து நடந்து வரும் பக்தர்கள், பழனி மலையைத் தொலைவிலேயே கண்டு கைகூப்பி, "அரோகரா" என்று முழங்கிக்கொண்டே அடிவாரத்தை அடைகிறார்கள். ஆனால், அந்த உற்சவத்துக்கு ஆரம்பமாகிய கொடியேற்றம், அவர்கள் கண்டு வணங்கிய மலையுச்சியில் நடப்பதில்லை; ஊருக்குள் இருக்கும் பெரியநாயகியம்மன் கோயிலில் நடக்கிறது. பங்குனி உத்திரத்துக்கோ, அடிவாரத்துத் திருவாவினன்குடியில் கொடி ஏறுகிறது. கொடியின் பெருமை உயரத்தில்தான் இருக்கிறதென்றால், இயற்கையே உயர்த்தி வைத்த சிகரம் ஒன்று அருகில் நிற்க, அதை விட்டுத் தாழ்ந்த நிலத்தில் அதை ஏற்றுவானேன்? கொடைக்கானலில் விடுதியும் வணிக வளாகமும் எழுப்புவோர், வாயிலில் எத்தனை அடி உயரத்தில் கொடிக்கம்பம் நாட்டலாம் என்று யோசிக்கும் இக்காலத்தில், இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுள்ள காரியம் என்று கருதுகிறேன்.

துவஜஸ்தம்பம் என்று ஆகமங்கள் கூறும் கொடிமரத்துக்கு விருட்சம் தேர்வதே ஒரு சாஸ்திரம். சந்தனம், தேவதாரு, வில்வம், தேக்கு முதலிய உறுதியான மரங்களில், வளைவும் பொந்தும் பிளவும் இல்லாமல் நேராக வளர்ந்த ஒன்றையே எடுப்பார்கள். அதன் அடிப்பகுதி சதுரமாகவும், நடுப்பகுதி எண்கோணமாகவும், மேற்பகுதி உருண்டையாகவும் செதுக்கப்பெற்று, முறையே பிரம்மா, விஷ்ணு, ருத்திரன் ஆகிய மும்மூர்த்திகளைக் குறிக்கும். மரத்தின் மேல் செம்பு அல்லது பித்தளைத் தகடு போர்த்தி, வசதியுள்ள தலங்களில் பொன்முலாமும் பூசுவார்கள். மலையாள நாட்டில், புதிய மரத்தைப் பல மாதங்கள் மூலிகை எண்ணெயில் ஊறவைத்த பிறகே நாட்டுவது வழக்கம். 2017-இல் சபரிமலையில் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தேக்கு மரமும் அவ்வாறு பக்குவப்பட்டதே. இத்தனை நியமங்களுக்கிடையே உயரத்துக்கும் ஒரு நியமம் உண்டு: கொடிமரத்தின் அளவைக் கருவறையையும் விமானத்தையும் ஒட்டியே ஸ்தபதிகள் கணக்கிடுகிறார்கள். அது யாருக்காக நிற்கிறதோ, அவருடைய இருப்பிடமே அதற்கு அளவுகோல்.

கொடி ஏறிக் காப்புக் கட்டிவிட்டால், உற்சவம் முடியும் வரையில் ஊரார் வெளியூரில் இரவு தங்கலாகாது என்பது தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் வழங்கும் சம்பிரதாயம். கொடி என்பது, கீழே நிற்கும் ஜனங்களுக்கும் மேலே ஆடும் துணிக்கும் இடையே ஏற்படும் ஓர் உடன்படிக்கை என்பதை இவ்வழக்கத்தைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. பழனியில் கொடி ஊருக்குள் ஏறுவதன் பொருளும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது: உடன்படுகிறவர்கள் எங்கே வாழ்கிறார்களோ, அங்கேதான் கொடி ஏற வேண்டும்.

வணிகருடைய கொடியும் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, அந்நகரத்தில் அசைந்த கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. தெய்வத்துக்கு எடுத்த கொடி, வாதத்துக்கு அழைக்கும் ஆசிரியர்கள் நாட்டிய கொடி, துறையில் நின்ற நாவாய்களின் கொடி, கள் விற்குமிடத்துக் கொடி என்று அவை பலவகைப்படும். மதுரைக்காஞ்சி கூறும் அங்காடி வீதியிலும் இத்தகைய கொடிகள் உண்டு. வாசிக்கத் தெரியாத வழிப்போக்கனுக்கும் "இங்கே இது உண்டு" என்று அறிவிப்பதே அவற்றின் தொழில். அந்தத் தொழிலுக்கு எவ்வளவு உயரம் போதுமோ, அவ்வளவே அவற்றுக்கு வேண்டியிருந்தது.

சென்னையிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரம் இதற்கு மாறானதுபோலத் தோன்றும். கோட்டையைக் கட்டியவர்கள் அரசர்கள் அல்லர், கிழக்கிந்தியக் கம்பெனி என்ற வணிகக் கூட்டத்தார். ஆகையால், அதுவும் ஒரு வணிக நிலையத்தின் கொடிமரமே. எலிஹு யேல் ஆளுநராக இருந்த 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகக் கூறப்படும் அந்தத் தேக்கு மரம் சுமார் 150 அடி உயரம் உடையதாக இருந்தது. அத்தனை உயரத்துக்குக் காரணம் இருந்தது: சென்னைக்கு அக்காலத்தில் துறைமுகம் இல்லை, கப்பல்கள் அலைகளுக்கு அஞ்சிக் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரமிட்டன, கொடியைக் காண வேண்டியவன் கடலில் இருந்தான். அந்தக் கோட்டையிலேயே 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அதிகாலையில் நம் மூவர்ணக் கொடி ஏறியது. அன்று பறந்த கொடி இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. மரம் 1994-இல் எஃகுக் கம்பத்துக்கு இடம் கொடுத்தது.

சுதந்திரம் வந்த பின்னரும், சாதாரணப் பிரஜை ஒருவன் தன் தொழிலகத்தில் தேசியக் கொடியை எல்லா நாளும் ஏற்ற இயலாதிருந்தது. ராய்கரில் ஆலை நடத்திய நவீன் ஜிண்டால் அதற்கு எதிராக நீதிமன்றத்தை நாடினார். 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடி விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004 ஜனவரி 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் இரவிலும் பறக்கவிட அனுமதி கிடைத்தது. இதற்கிடையே, 2017-இல் அட்டாரி எல்லையில் 360 அடிக் கம்பம் நின்றது. உயரமே கௌரவம் என்ற எண்ணம் ஊர்தோறும் பரவிற்று.

இந்த எண்ணத்தோடு கொடைக்கானலுக்கு ஏறி வருகிறவர், அந்த மலையின் இயல்பை முதலில் அறிய வேண்டும். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டிக் குடியேறிய நாளிலிருந்தே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள இவ்வூரில் கட்டடங்கள் காற்றுக்கும் மழைக்கும் சரிவுக்கும் இணங்கியே நின்று வந்திருக்கின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால், கம்பத்தின் மேலும் துணியின் மேலும் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். 2018 நவம்பரில் கஜா புயல் இம்மலையைக் கடந்தபோது, வேரூன்றிய பெருமரங்களே சாய்ந்தன. வேரில்லாத கம்பத்துக்கு ஆழமான கான்கிரீட் அஸ்திவாரமும், துருப்பிடியாத நாகப்பூச்சும், இடிதாங்கியும் இன்றியமையாதவை. உயரம் கூடக் கூடக் கொடி பெரிதாக வேண்டும். பெரிய கொடி இந்தக் காற்றில் விரைவில் கிழியும். கிழிந்த கொடியைப் பறக்கவிடலாகாது என்பது சட்டம். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால், நெடிய கம்பத்தின் உச்சியிலுள்ள கொடி விருந்தினர் கண்ணுக்கே தெரியாது. இரண்டு மாடி விடுதிக்குக் கூரையைச் சற்றே கடந்த கம்பம் அழகு. அதற்குமேல் எழும் ஒவ்வோர் அடிக்கும் காரணம் வேண்டும்.

மலைக்கு ஏற்ப நடப்பதை மலைவாசிகளே நமக்குக் கற்பிக்கிறார்கள். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் தேரை, வீதி சரிவாக இருப்பதால், முன்னும் பின்னும் வடம் பிடித்தே நகர்த்துகிறார்கள். இழுப்பதைப்போலவே பிடித்து நிறுத்துவதும் அங்கே பக்தியாகிறது. கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலில், வானம் தெளிந்த வேளையில் வடக்கே நோக்கினால், பழனி மலையே கீழே சிறு குன்றாகத் தெரியும். அவ்வளவு உயரத்தில் நிற்கும் நமக்கு, அதன் அடிவாரத்தில் ஏறும் கொடி புலப்படாது; அதனால் அதற்குக் குறைவேதும் இல்லை, அது நமக்காக ஏறியதன்று. கம்பம் நாட்ட விரும்புகிறவர் தம் வாயிலில் நின்று, தம்மிடம் வேலை செய்வோரும் வந்து தங்குவோரும் எங்கிருந்து நிமிர்ந்து பார்ப்பார்களோ, அந்த இடத்திலிருந்து அளக்கட்டும்.