படகில்லாத போட் மெயில்

ரயிலை வேடிக்கை பார்ப்பதை மேலைநாட்டார் ஒரு பொழுதுபோக்காகவே வளர்த்தெடுத்தனர். 1942-இல் இயன் ஆலன் என்ற இளைஞர் இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வே எஞ்சின்களின் எண்களைத் தொகுத்துச் சிறுநூலாக வெளியிட்டார். அதன்பின் நெரிசல் மிகுந்த நிலையங்களின் நடைமேடைகளில், கையில் நோட்டும் பென்சிலுமாகச் சிறுவர்கள் கூடலாயினர்.

அதே போர்க்காலத்தில் இராமேஸ்வரம் தீவிலும் ஒரு சிறுவன் ரயிலுக்காகக் காத்து நின்றான். இராமேஸ்வரத்தில் வண்டி நிற்பது அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. நாளிதழ்க் கட்டுகள், இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஓடும் வண்டியிலிருந்தே வீசப்பட்டன. அவற்றைச் சேகரித்து, நாளிதழ் விநியோகித்துவந்த உறவினருக்கு உதவிய அச்சிறுவன் அப்துல் கலாம் என்பதை அவரது தன்வரலாற்றிலிருந்து அறிகிறோம். இக்கரையில் ரயிலைப் பார்த்து நின்றவர்களுக்கு எஞ்சினின் எண் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அது எதைக் கொணர்கிறது, எவரைக் கொண்டுபோகிறது என்பதே அவர்களது கவலை.

சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தொடக்கத்தில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறினர். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் அப்பாதை மாறிற்று. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கடலைத் தாண்டி வண்டி தனுஷ்கோடித் துறைக்கே சென்றது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். தலைமன்னாரிலிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு. ஒரே பயணச்சீட்டு, இரண்டு ரயில், நடுவே ஒரு கப்பல். போட் மெயில் என்ற பெயர் வந்த வகை இதுதான். மணல்திட்டின் முனையில் இருந்த அச்சிற்றூருக்கு, வண்டியும் கப்பலும் சந்திக்கும் பொழுதே நெரிசல் நேரம்.

அந்த நெரிசலில் எல்லோரும் ஒரே வகைப் பயணிகள் அல்லர். அதிகாரிகளும் வணிகர்களும் ஒருபுறம் இருக்க, கங்காணிகள் திரட்டிச் சென்ற தோட்டத் தொழிலாளர்களும் இவ்வழியேதான் போயினர். மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே அவர்கள் அக்கரை செல்ல முடிந்தது. இலங்கையின் மலைகளைத் தேயிலைக் காடாக்கிய உழைப்பில் ஒரு பெரும்பங்கு இந்தத் தண்டவாளத்தின் மீது போனதே.

1964 இக்கதையைத் திருப்பிப்போட்ட ஆண்டு. அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. இரண்டு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கமில்லாத இக்கரை மறவாதிருக்கும் ரயில் எண் இது ஒன்றுதான்.

சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்தனர். தனுஷ்கோடிப் பாதையோ கைவிடப்பட்டது. கப்பல்துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள் அத்துறையில்தான் வந்திறங்கினர். மலையகத்திலிருந்து அவர்களை ஏற்றிவந்த வண்டிக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர். அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 'தாயகம்' என்று சொல்லப்பட்ட மண்ணில் அவர்களுக்காகக் காத்திருந்ததும் ஒரு ரயிலே. பாட்டன் போன பாதையில் பேரன் எதிர்த்திசையில் ஏறினான். அவனுக்கு அது திரும்புதல் அன்று, இன்னொரு புறப்பாடு.

1980களில், இலங்கையில் போர் மூண்டபின், கப்பலும் நின்றது. ரயிலின் பெயரில் மட்டும் படகு எஞ்சியது. 2007-இல் பாதை அகலமாயிற்று. பழுதடைந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவுக்கு ரயிலே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. முன்பு மனிதக் கரங்கள் நெம்பித் திறந்த இரு தகடுகளுக்குப் பதிலாக, இப்போது 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது.

போட் மெயிலில் இன்று வந்திறங்கும் கூட்டம் அக்கினி தீர்த்தத்தை நோக்கி விரைகிறது. துறையில் காத்திருக்கும் கப்பலைத் தேடுவார் எவருமில்லை. போரினால் நின்றுபோன தலைமன்னார் ரயிலும் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆக, இருகரையிலும் தண்டவாளம் இருக்கிறது, வண்டியும் வருகிறது. நடைமேடையில் நின்று போட் மெயிலைப் பார்க்கையில் நாம் பார்ப்பது ஒரு பயணத்தின் முற்பாதியை மட்டுமே. பிற்பாதியில் போனவர்களும் வந்தவர்களும் கால அட்டவணையில் இல்லை. அவர்களை நினைவில் வைத்திருப்பது நம் பொறுப்பு.