குருளைச் சாரணரை வளர்த்த பெண்கள்

சாரணீய வரலாறு எழுதுவோர் பேடன் பவலுடன் நின்றுவிடுவது எனக்கு நெடுநாள் மனக்குறை. பிரித்தானியாவில் 11 வயது நிரம்பாத தம்பிமார், அண்ணன்மாரின் சாரணர் பயிற்சிகளை எட்டநின்று பார்த்து ஏங்கினர். அவர்களுக்கெனக் குருளைச் சாரணர் பிரிவு 1916 இல் உருவானபோது, முதலாம் உலகப் போர் மூண்டிருந்தது; ஆண் தலைவர்கள் பலர் போர்க்களத்தில். சிறுவரைக் கூட்டிவைத்து, கிப்ளிங்கின் காட்டுக் கதைகளைச் சொல்லி, முடிச்சுப் போடவும் தோழனுக்கு உதவவும் பழக்கியோரில் பலர் பெண்கள். கைந்நூல் ஆக்கத்தில் பேடன் பவலுக்குத் துணைநின்ற வேரா பார்க்ளே அவர்களுள் ஒருவர்.

குருளையர் தம் தலைவரை அழைக்கும் 'அகேலா' என்ற பெயர், அக்கதைகளின் ஓநாய்த் தலைவனுடையது. (இந்தியில் அச்சொல்லுக்குத் தனியன் என்று பொருள், கூடி வாழப் பழக்குபவருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!) பெண்கள் பாடுபட்டு வளர்த்த அக்கூட்டத்தில் சேர, பிரித்தானியச் சிறுமியர் 1991 வரை காத்திருக்க நேர்ந்தது.