மரியாதை என்னும் சொல்: கல்முனைக் கரையில் அதன் ஆட்சி

மரியாதை என்னும் வடசொல்லுக்கு முதற்பொருள் எல்லை என்பதாகும். எல்லை கடவாது ஒழுகுதல் என்னும் கருத்தின் வழியாகவே அது தமிழிற் சிறப்புச் செய்தலைக் குறிக்கலாயிற்று. கௌரவம் என்பது பாரத்தையும், இஸ்ஸத் என்னும் அறபுச் சொல் வலிமையையும் அடியாகக் கொண்டவை. திருக்குறள் தனியோர் அதிகாரம் வகுத்துப் போற்றும் மானமோ ஒருவன் தன் அகத்தே காப்பது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் 1961இல் அம்பாறை மாவட்டம் அமையும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்திருந்தவை. இவ்வூர்களின் பழைய வழக்கை நோக்குவார்க்கு மரியாதை என்பது அகத்துப் பண்பாகவன்றி, இருக்கையும் முறையும் பங்குமாகவே புலப்படும். அதனை வரிசை என்பர்.

அவ்வரிசைக்கு உரியது குடி. குடியோ தாய்வழி வருவது. ஒரு குடிக்குள் மணவினை கொள்ளார். சைவக் கோயில்களிற் குடிகளின் சார்பில் வண்ணக்கர் அமைதல் போலப் பள்ளிவாசல்களிற் குடிக்கு ஒருவராக மரைக்கார் அமைந்தனர். கோயிலிற் காளாஞ்சி பெறும் ஒழுங்கு பிறழின் வழக்கெழும்; பள்ளிவாசலிலும் குடியின் இடம் எளிதில் விட்டுக்கொடுக்கப்படுவதன்று. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இத்தகைய குடி முறைகளையே விரித்துரைக்கின்றது. நூற்பெயரே பெருமை பற்றியதாதல் காண்க!

இம்முறையின் நுட்பம் ஒன்றுண்டு. மரைக்காரின் மகன் தந்தையின் இடத்துக்கு உரியவனல்லன். அவன் தன் தாயின் குடியினன். மருமகனே, அதாவது உடன்பிறந்தாள் மகனே, அக்குடிக்குரியவன். ஆங்கிலேயர் வழங்கிய முதலியார்ப் பட்டமோ இதற்கு முற்றும் வேறானது. கல்முனைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர் பெயரோடு நின்ற பட்டம் அத்தகையது. அஃது ஒருவரைச் சார்வது; குடியைச் சாராது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கையாளரை அரசினால் அமைந்த சபையின் மேற்பார்வைக்கு உட்படுத்திற்று. மரியாதைக்குச் சான்று கூற ஊரோடு அரசும் வந்து சேர்ந்தது.

ஆயின் எந்தக் காலத்தும் பேசப்படாதது ஒன்றுண்டு. இருக்கை பெண் வழியே வந்தது. பெண் அதில் இருந்ததில்லை. மானம் அவள்மேற் சுமத்தப்பட்டது. வரிசை ஆடவனைச் சேர்ந்தது. அவளுக்கென எஞ்சியது வீடு. தாய் மகளுக்குச் சீதனமாக எழுதும் வீட்டிற்கே மணமகன் வந்து சேர்வது இக்கரையின் வழக்கம். பிணக்கு நேரின் வெளியேறுபவன் கணவனே. அவளுக்குரிய மரியாதையின் உறுதியான பகுதி அவ்வீட்டுறுதியே எனல் மிகையாகாது.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளை அழித்தது. பின்னர் அளிக்கப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்னும் தலைப்பின்கீழ்க் கணவர் பெயருக்கே எழுதப்பட்டன. படிவத்தை வரைந்தோர்க்குக் குடிமுறை தெரியாது. தாய் தந்த மனையை இழந்த மகள் கணவனுக்குரிய மனையிற் குடிபுகுந்தாள்.