வாணலியும் வெள்ளைத் துணியும்

ஃப்ளாஷின் வரலாற்றைத் தொழில்நுட்பக் கதையாக மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை. 1860 வாக்கில் பாரிஸில் நதார் மின்விளக்கில் உருவப்படம் எடுத்தபோது நிழல் கன்னங்கரேலென்று விழுந்தது. மங்கல் கண்ணாடி, வெள்ளைத் துணி, நிலைக்கண்ணாடி என்று எதையெதையோ வைத்து ஒளியைச் சாந்தப்படுத்தினார். ஒளிப்பரப்பு அகன்றால் நிழலின் விளிம்பு கரையும், பௌதிகம் அவ்வளவுதான்.

1887ல் ஜெர்மனியில் மக்னீசிய ஃப்ளாஷ் பவுடர் வந்தது. பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் அதை வாணலியில் கொளுத்தி நியூயார்க் சேரிகளின் இருட்டறைகளைப் படமெடுத்தார். 1890ல் வெளிவந்த அவர் புத்தகம் சீர்திருத்தத்துக்கு உதவியது வாஸ்தவம்தான். ஆனால் அதில் பல முகங்கள் திடுக்கிட்டுக் கிடக்கின்றன. 'யாரய்யா நீ' என்று கேட்கக்கூட அவகாசமில்லை.

துணி கட்ட நேரம் வேண்டும். எதிரே இருப்பவரின் சம்மதமும் வேண்டும். மென்மையான ஒளி எந்த முகத்துக்கு என்பதை வர்க்கமும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது.