எண் நின்றது, சொல் மாறியது

1,58,22,37,500. ஒரு யுகத்தில், அதாவது 43,20,000 ஆண்டுகளில், பூமி கிழக்கு நோக்கித் தன்னைத்தானே இத்தனை முறை சுழல்கிறது என்கிறது ஆரியபட்டீயம். பொ.ஆ. 499இல் தமக்கு வயது 23 எனக் குறிப்பிடும் ஆரியபட்டர், இவ்வெண்ணை இலக்கங்களால் அன்றி ஐந்தே அசைகளால் எழுதினார்.

அவரது முறையில் மெய் மதிப்பைத் தரும். உயிர் இடத்தைத் தரும். ஙகரம் 5, இகரம் நூறு. ஆகவே 'ஙி' என்பது 500. உகரம் பத்தாயிரம், வர்க்க எழுத்துகளில் 23ஆவதாகிய பகரம் அதனோடு சேர்ந்தால் 2,30,000. ஏடெழுதுவோர் இகரத்தை உகரமாக்கிவிட்டால் அவ்வசையின் மதிப்பு நூறு மடங்காகிவிடும். இத்தகைய எண் பிழையின்றி நம்மிடம் வந்தது எவ்வாறு?

விடை எண்ணின் அமைப்பிலேயே உள்ளது. பூமியின் சுழற்சிகளிலிருந்து ஆண்டுகளைக் கழித்தால் யுகத்தின் நாள்கள் கிடைக்கும்: 1,57,79,17,500. இதற்கும் 43,20,000க்கும் மீப்பெரு பொதுக்காரணி 7,500. வகுத்தால் முறையே 2,10,389, 576. அதாவது 576 ஆண்டுகள் மீதியின்றி 2,10,389 நாள்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் குட்டகக் கணக்குகளில் கையாண்டவை இச்சுருங்கிய எண்களே. இவற்றின்படி ஓர் ஆண்டு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. இன்றைய நாண்மீன் ஆண்டைவிட இது ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடியே மிகுதி. ஆகவே எண்ணில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஆண்டின் நீளம் குலையும். கணிப்போர் உடனே கண்டுகொள்வர்.

சொல்லுக்கு இக்காவல் இல்லை. ஒரு பிராணப் பொழுதில், அதாவது நான்கு நொடியில், ஒரு கலை அளவு நகர்வது எது? ஆரியபட்டரின் அவ்வரியை மறுப்பதற்காகப் பிரமகுப்தர் பொ.ஆ. 628இல் எடுத்தாண்டபோது அங்கிருந்த சொல் 'பூ:', பூமி. சுழல்வது பூமியானால் உயர்ந்து நிற்பவை ஏன் விழவில்லை என்பது அவர் வினா. உரைகாரர் வழி வந்த பாடத்திலோ அச்சொல் 'பம்', விண்மீன் மண்டலம். சுழற்சி எண்ணைக் கூறும் செய்யுளில் பூமி என்னும் சொல் எஞ்சியது; உரைகாரர் அதற்கும் வேறு விளக்கம் தந்தனர்.

இம்மாற்றத்திற்கு எண் தடையாக நிற்கவில்லை. பூமி கிழக்கே சுழன்றாலும் வானம் மேற்கே சுழன்றாலும் எண்ணிக்கை ஒன்றே. எனவே கொள்கையை ஏற்காதவரும் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. சொல்லை மட்டும் மாற்றினால் போதுமாயிற்று.

மூலபாட ஆய்வில் ஈடுபடும் மாணவர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். எண் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். சொல்லுக்கு வெளிச்சான்று வேண்டும். ஆரியபட்டரின் சொல்லுக்கு அச்சான்றைத் தந்தவர் அவரைப் போற்றிய உரைகாரர் அல்லர். அவரைக் கடுமையாக மறுத்த பிரமகுப்தர்.