கெடாவிலும் ஒரு பத்து பகாட்: இடிபாடுகளிடத்து நாம் நடந்துகொள்ளும் முறை

பத்து பகாட் என்றதும் நம் ஜொகூர் வாசகர்களுக்கு நம் மாநிலத்து நகரமே நினைவுக்கு வரும். உளியால் கொத்திய கல் என்பது அப்பெயரின் பொருள். அதே பெயரில் வடக்கே, கெடா மாநிலத்து மெர்போக்கில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு பழங்கோயில் உள்ளது. அதுவே பூஜாங் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற சண்டி புக்கிட் பத்து பகாட் ஆகும்.

1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இங்கு அகழாய்வு செய்தார். 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் இக்கோயில் மீளமைக்கப்பட்டது. அருங்காட்சியக வளாகத்திலுள்ள பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் சண்டிகள் பிற இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பெற்றவை. இதுவோ தான் தோன்றிய இடத்திலேயே நிற்கிறது.

"கூரை எங்கே, ஐயா?" என்று மாணவர்கள் வினவுவதுண்டு. கூரையும் அதைத் தாங்கிய தூண்களும் மரத்தாலானவை, மக்கிப் போயின. எஞ்சியிருப்பவை கல்லடித்தளமும் தூண்கள் ஊன்றப்பட்ட பீடக்கற்களுமே. அக்கற்கள் இருக்கும் இடத்தை வைத்தே கருவறையின் அளவையும் மண்டபத்தின் அமைப்பையும் ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். ஒரு கல் ஒரு முழம் நகர்ந்தாலும் அந்தச் சான்று கெடும். மீளமைப்பின்போது மணிக்கற்களும் பொற்றகடுகளும் இட்ட கற்பேழைகள் இங்குக் கிடைத்தன. எந்தப் பேழை எந்த மூலையில் இருந்தது என்பதும் பொன்னுக்கு நிகரான செய்தியே.

ஆதலின் சுவர்மீது ஏறி நின்று படம் எடுத்தல் தகாது. பாசி படிந்த கற்கள் மழைக்குப்பின் வழுக்கும்; அருகிலேயே பாறைகள் நிறைந்த ஆறும் ஓடுகிறது. பிள்ளைகளைப் பத்துப் பேராகப் பிரித்து, குழுவுக்கோர் ஆசிரியரை நிறுத்துவது நலம்.

நம்மவர்க்குக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டின் இராசேந்திர சோழன் படையெடுப்பை நினைத்து நெஞ்சு நிமிர்கிறது, தவறில்லை. ஆனால் இப்பள்ளத்தாக்கின் சண்டிகள் யாவும் சோழர் கட்டியவை என மாணவர்க்குச் சொல்லுதல் வரலாறு ஆகாது. சோழருக்கு முந்திய பௌத்தத் தடயங்களும் இங்கு உண்டு. அவ்வாறே, பக்தி மேலீட்டால் கற்பூரம் ஏற்றுவதும் குங்குமம் அப்புவதும் எண்ணெய் வார்ப்பதும் கல்லுக்குக் கறையையே தரும். கைகூப்பி வணங்கினால் போதாதா?

2013இல் சுங்கை பத்து தோட்டப்பகுதியில் 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்தபோது நாம் கொதித்தெழுந்தோம். அது நியாயமான சினம். அச்சினம் கொண்ட நாமே, நினைவுக்காக என்று செங்கல் துண்டொன்றைப் பையிலிடும் பிள்ளையைக் கண்டும் காணாமல் இருக்கலாமா? எடுத்த துண்டை எடுத்த இடத்திலேயே, எடுத்த முகமாகவே வைக்கச் சொல்லுங்கள். இடம் மறந்துபோயிருந்தால் அருங்காட்சியகப் பணியாளரிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள்.